தானாக விட்ட கொடுக்கு

எங்கள் வீட்டில் முழு நண்டு சமைத்ததே இல்லை. கொடுக்கு மட்டும்தான். நண்டுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது சிங்கப்பூருக்குப் போகிற சாமான் என்று நினைத்திருந்தேன்.

நம்ம வயசு ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்தால் அந்தக் காலத்தில் என்ன தின்றோம் என்று பேச்சு வரும். பழைய சோறு, கருவாடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். நான் வாய் திறக்க மாட்டேன். தினமும் நண்டுக் கொடுக்கு என்று சொன்னால் வசதியான வீடு என்று நினைப்பீர்கள். ஒரு தரம் அப்படி நினைத்தார்கள். அதையும் சொல்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. முன்னே பின்னே இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில். வீடு ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், கால்வாய்க் கரையில். அந்தப் பக்கம் மாடி வீடுகள், நடுவில் கால்வாய், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே அறை. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். மூன்று சக்கரம், முன்னால் பலகை. பேர்தான் மீன்பாடி. அவர் மீன் ஏற்றியதில்லை. சிமெண்ட் மூட்டை, பீரோ, கல்யாண வீட்டு நாற்காலி, எது கிடைக்குமோ அது. கிடைக்காத நாள்தான் அதிகம். வாடகை, அரிசி, என் பள்ளிக்கூடம் எல்லாம் அம்மா சம்பளம்.

அம்மா பாலவாக்கம் பக்கம் ஒரு ஷெட்டில் நண்டு கட்டினாள். கடல் நண்டு இல்லை. சேற்று நண்டு. கறுப்புப் பச்சை. ஒன்று ஒரு கிலோ வரும். உயிரோடு ஏரோப்ளேனில் போக வேண்டும். அது ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கைக் கட்ட வேண்டும். காலால் முதுகை அழுத்திப் பிடித்து, ஈரச் சணலை ஒரு கொடுக்கில் போட்டு, மற்றக் கொடுக்கில் போட்டு, வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து முடிச்சு. அம்மா ஒரு நண்டைக் கட்டி முடிப்பதற்குள் நான் மூச்சை இழுத்து விட்டு முடிக்க மாட்டேன். இடது கை மோதிர விரல் மட்டும் அவளுக்கு வளையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்டு கடித்த விரல்.

ரெண்டு கொடுக்கும் இருந்தால்தான் நண்டுக்கு விலை. ஒரு கொடுக்கு போனால் ஏரோப்ளேன் இல்லை. கட்டும்போது சில நண்டு கோபத்தில் கொடுக்கைத் தானே கழற்றி விட்டுவிடும். நாம் பிடித்த கொடுக்கு நம் கையிலேயே நிற்கும், நண்டு ஓடும். அப்படி விழுந்த கொடுக்கு யார் கையில் விழுந்ததோ அவளுக்கு. ஷெட்டில் அதுதான் வழக்கம். மொதலாளிக்கு அதை வைத்து ஒன்றும் ஆகாது. அம்மா சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக்கொண்டு வருவாள். அஞ்சு இருக்கும். சில நாள் எட்டு.

சாயங்காலம் நாலு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். தூக்கை என்னிடம் நீட்டுவாள். பேச்சு கிடையாது. கழுவுவது என் வேலை. கால்வாய் ஓரம் தண்ணீர்க் குழாய். தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கணு மடிப்பில் சேறு இருக்கும், அதைக் குச்சியால் எடுக்க வேண்டும். மேல் ஓட்டில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய் ஒட்டியிருப்பது வராது. அதைச் சுரண்டாதே என்பாள் அம்மா. கழுவி முடித்தால் கை முழுக்க ஒரு நாற்றம். சேறும் இரும்பும் கலந்த மாதிரி. புளி வைத்துத் தேய்த்தாலும் போகாது.

அம்மாவிடம் ஒரு அரைக் கிலோ படிக்கல் இருந்தது. இரும்பு. எந்தக் கடை கழித்துப் போட்டதோ தெரியாது, விளிம்பெல்லாம் தேய்ந்தது. கொடுக்கைப் பலகையில் வைத்து அதால் ஒரே அடி. ரெண்டாவது அடி கிடையாது. ரெண்டு அடித்தால் ஓடு நொறுங்கி சதைக்குள் போய்விடும், வாயைக் கிழிக்கும். ஒரே அடியில் பக்கத்தில் ஒரு சில்லு மட்டும் பெயரும், ஜன்னல் திறந்த மாதிரி. மசாலா அதன் வழியாக உள்ளே போகும். பிறகு சட்டியில் கொஞ்சம் எண்ணெய், பூண்டு, மிளகாய்த் தூள், மிளகு, கரைத்த புளி. தேங்காய் கிடையாது. கறுத்த ஓடு அடுப்பில் சிவக்கிறதைப் பார்க்க நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எத்தனை தரம் பார்த்தாலும் எப்போது சிவந்தது என்று பிடிக்க முடியாது.

பங்கு இப்படி. இருப்பதில் பெரியது அப்பாவுக்கு. அடுத்தது எனக்கு. அம்மா கணுக்களை உறிஞ்சுவாள். கணுவில் என்ன இருக்கும்? புளித் தண்ணீர்தான் இருக்கும். அப்பா கெட்டவர் இல்லை. சட்டி அவர் முன்னால் வரும், பெரியது மேலே இருக்கும், எடுப்பார். அது பெரியது என்று அவர் பார்த்ததுகூட இல்லை. வீட்டு ஆம்பிளைக்குப் பெரிய கொடுக்கு. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இப்போது பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஏழாவதில் கணக்கு டீச்சர் மயிலாப்பூர்க்காரர். நல்லவர். அவருக்கு மீன் வாசனையே தெரியாது, நண்டு எங்கே தெரியப் போகிறது. ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்று சொன்னாள்.

"டீச்சர், இவ கையி நாறுது. நண்டு துன்னுட்டு வந்துக்கீறா."

டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போய் கையை அலம்பிண்டு வா. காலங்கார்த்தால நண்டா?" என்றார்.

"தினமும் டீச்சர்," என்றேன். பெருமையாகச் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

"தினமுமா? நண்டு என்ன விலைன்னு எங்காத்து மாடியில குடியிருக்கறவா சொல்லிண்டிருந்தா. உங்காத்துல தினமும் நண்டு, நீ சத்துணவுல தட்டை நீட்டிண்டு நிக்கறே. நியாயமா?"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். தட்டை நீட்டாதே என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து நான் மதியத்தில் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த வருஷம் முழுக்க. அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொல்கிற வழக்கம் இல்லை.

எட்டாவது வந்த வருஷம், பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், அம்மா என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தகரக் கூரை. தரையெல்லாம் ஈரம். மூங்கில் கூடைகளில் நண்டு நுரை விட்டுக்கொண்டு கிடந்தது. ரொம்பச் சன்னமாக ஒரு சத்தம், எண்ணெய் பொரிகிற மாதிரி. பத்துப் பெண்கள் மணை போட்டு உட்கார்ந்து கட்டினார்கள். அம்மா பக்கத்தில் எங்கள் எதிர் வீட்டு அத்தை. அத்தை வாய் மூடாது, கையும் நிற்காது.

மேஸ்திரி வந்தார். மந்தைவெளிக்காரர். புதிதாக வந்தவர், அம்மாவைவிட சின்னவர். அம்மா மணைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இன்னாக்கா, உன் மணையாண்ட மட்டும் இவ்ளோ கொடுக்கு கீது? உன்னப் பாத்தா நண்டு கையக் கழட்டிக் குடுத்துடுதா?"

அத்தை விடவில்லை. "பெரிய நண்டெல்லாம் அவகிட்டயே தள்ற. எங்களுக்கு குட்டி குட்டியா போடற. அவ கையில வுயாம உன் கையிலயா வுயும்? நீ வந்து ஒண்ணு கட்டேன். கொடுக்கு வுயுதா வெரல் வுயுதான்னு பாக்கலாம்."

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"நான் கேக்கல. மொதலாளி கேக்கறாரு. வுயுந்தது கட்டறவளுக்குன்னு வச்சிக்கீறீங்க. அப்ப பிச்சிப் போட்டுட்டு வூட்டுக்கு எத்துக்கினு போனா யாரு கேக்கறது?"

சிரிப்பு நின்றது. அம்மா கையிலிருந்த நண்டைக் கட்டி முடித்துக் கூடையில் வைத்தாள். கீழே கிடந்த கொடுக்கு ஒன்றை எடுத்து வேர்ப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. தானா வுட்டது. வாய் மூடிக்கீது பாரு, வழவழன்னு. பிச்சா இப்டி இருக்காது. ஓடு பிசிறு பிசிறா நிக்கும், நாரு தொங்கும்." இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று. ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் வழவழப்பு.

"சரி சரி, வுடுக்கா."

"வுட மாட்டேன். எம் மணையாண்ட நாரு தொங்கற கொடுக்கு ஒண்ணே ஒண்ணு காட்டு. அன்னிக்கே எந்திரிச்சிப் பூட்றேன். நீ போவச் சொல்ல வேணாம்."

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அம்மா தூக்கை அவர் திறந்து பார்க்கவில்லை. புதிதாக வருகிறவளிடம், அக்கா மாதிரி கட்டு, அக்கா மாதிரி இரு என்பாராம். அத்தை வந்து சொல்வாள். அம்மா காதில் விழாத மாதிரி இருப்பாள். ஆனால் விழுந்தது. அந்த நாட்களில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற விதமே வேறு.

அந்தத் தையில் நான் பெரிய மனுஷி ஆனேன். சடங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றினார்கள். அத்தை உளுந்தங்களி கிளறிக் கொண்டு வந்தாள். தாவணி வாங்கக் காசில்லை. அத்தை பெண்ணின் பழைய தாவணியைத் துவைத்துக் கட்டினார்கள். ஓரத்தில் கிழிசல். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா வேணும் உனக்கு? கேளு. முடிஞ்சதக் கேளு."

"ஒரு பெரிய கொடுக்கு."

"சரி."

"அப்பாக்கு இல்ல. எனக்கு மட்டும். முழுசா."

அம்மா என்னைப் பார்த்தாள். "சரி, கண்ணு," என்றாள். கண்ணு என்று அவள் சொன்னதாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தரம்தான்.

மறுநாள் தூக்கைத் திறந்தேன். எல்லாம் சின்னது. அதற்கு மறுநாளும் சின்னது. மூணாம் நாள் ரெண்டுதான் இருந்தது, அதில் ஒன்றில் சதையே இல்லை. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரிசு இல்லியா?" என்பேன். அவ்வளவுதான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தினமும் சொன்னேன். அம்மா, "வுயல," என்பாள். விழாததற்கு அவள் என்ன செய்வாள்? எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

ஐந்தாம் நாள் தூக்கு கனமாக இருந்தது. மேலே நாலு சின்னது. கீழே ஒன்று. என் விரித்த கையைவிட நீளம். உள்ளே பல்லெல்லாம் கடைவாய்ப் பல் மாதிரி. குழாயடியில் அதைத் திருப்பினேன். வேர்ப் பக்கம் ஓடு பிசிறு பிசிறாக நின்றது. வெள்ளையாக நார் தொங்கியது.

ஓடி வந்தேன். "அம்மா, இதுல நாரு..."

"தெரியும். கத்தாத. மொதல்ல அந்த முனைய வெட்டிக் கால்வாயில போடு. அப்பறம் கழுவு."

அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு போனேன். முனையை வைத்தேன். வெட்டினால் நாலு விரல் நீளம் குறைந்துவிடும். முழுசா என்று கேட்டிருந்தேன். முழுசாக வந்திருந்தது. நாரை மட்டும் பிய்த்துப் போட்டேன். பிசிறைத் தேய்த்துப் பார்த்தேன். ஓடு அல்லவா, போகவில்லை. வெந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அரிவாள்மனையைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா திரும்பாமலே, "வெட்டிட்டியா?" என்றாள்.

"வெட்டிட்டேன்."

படிக்கல்லால் ஒரே அடி. அந்த ஓட்டுக்கு அந்த அடி போதுமா என்று பயந்தேன். போதும். ஜன்னல் திறந்தது. சட்டியில் அது மட்டும் நுழையவில்லை, பாதி வெளியே நின்றது. திருப்பித் திருப்பி வேகவைத்தாள். அது சிவந்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். கொடுக்கின் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறியது. எனக்குத் தட்டு போட்டாள். அப்பா வர ஏழு மணி ஆகும். இப்போது அஞ்சு.

வெளியே மழை பிடித்தது. தையில் அப்படி மழை வராது, அன்று வந்தது. மழையில் சிமெண்ட் மூட்டை ஏற்ற மாட்டார்கள். அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னாமே, தெரு முனை வரைக்கும் வாசன தூக்குது." வந்த கையோடு சட்டியைப் பார்த்தார். "அடேங்கப்பா! இது நண்டா, ஆனையா? யாருக்குமே இது?"

அம்மா கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார், இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை.

"உனக்குத்தான்யா," என்றாள் அம்மா.

எனக்குப் போட்ட தட்டில் அதை எடுத்து வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அப்பா ரொம்பப் பொறுமையாகத் தின்றார். ஜன்னல் வழியாக விரலை விட்டுச் சதையை முழுசாக உருவினார். ஓடு உடையாமல் அப்படியே நின்றது. நடுவில் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் வைத்தார்.

"எப்டிக் கீது?"

"நல்லாக் கீது."

இனிப்பாக இருந்தது. உப்புப் போட்ட இனிப்பு. விரல் அளவு துண்டு.

கொடுக்குக்குள் சதையோடு ஒரு வெள்ளைத் தகடு இருக்கும், மெல்லிய விசிறி மாதிரி. அதை இழுத்தால் கொடுக்கின் விரல் மூடும். விட்டால் திறக்கும். அப்பா அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். இழுத்தார், டக்கென்று மூடியது. அம்மா மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பயம் காட்டினார். அம்மா சிரித்தாள். அவளுக்குப் பயம் இல்லை அப்போது. முனையை வெட்டியாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். விளக்கு ஏற்றாத நேரம், வீட்டுக்குள் அரை இருட்டு.

மழை விட்டது. "வா பாப்பா, அம்மாக்கு டீ வாங்கினு வரலாம்," என்றார் அப்பா. ஒரு கையால் சொம்பை என்னிடம் கொடுத்தார். இன்னொரு கையில் கொடுக்கு.

தெருமுனையில் டீக்கடை. பெஞ்சில் வண்டிக்காரர்கள் நாலைந்து பேர். அப்பா கொடுக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்து ஒருத்தன் காதைப் பிடித்தார். அவன் எகிறிக் குதித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா நைனா இது, எங்க புட்ச்ச?"

"எம் பொண்டாட்டி கொணாந்தா. சிங்கப்பூர் போவ வேண்டியது. அங்க இருக்கறவன் கூட இப்டி ஒண்ணு துன்னுருக்க மாட்டான். நான் துன்னேன்."

அந்த நேரம் ஷெட்டு வேன் வந்து நின்றது. மந்தைவெளி போகிறவரைத் தினமும் அங்கேதான் இறக்கிவிடும். மேஸ்திரி இறங்கினார். எனக்குச் சொம்பு கையில் கனத்தது. டீ ஊற்றியாகிவிட்டது. சுட்டது.

"வா மேஸ்திரி! உங்க ஷெட்டு சரக்கப் பாரு!" அப்பா அதை அவர் கையிலேயே கொடுத்தார். தகட்டை எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுத்தார். "இஸ்துப் பாரு. டக்குனு மூடும்."

மேஸ்திரி இழுத்தார். மூடியது. சிரித்தார். பிறகு திருப்பினார். கடை விளக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து வேர்ப் பக்கத்தைப் பார்த்தார். கட்டை விரலால் பிசிறைத் தடவினார். சிரிப்பு போய்விட்டது.

பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். குழந்தை விளையாட்டு என்று விட்டிருப்பார்கள். சொம்பு கையில் இருந்தது. டீ கொட்டும் என்று நின்றேன்.

"பெரிய கொடுக்குதான்," என்றார் மேஸ்திரி.

"நீ எத்துக்கினு போ பாப்பா, ஆறிடும்," என்றார் அப்பா. நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா டீயைக் குடித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா திரும்பி வரும்போது கையில் கொடுக்கு இல்லை. யாரோ கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றார். நேரே படுத்துவிட்டார்.

மறுநாள் நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். அம்மா போய் மணையை எடுத்துப் போட்டாளாம். மணை போடுகிற இடத்தில் அந்தக் கொடுக்கு இருந்ததாம், வேர்ப் பக்கம் மேலே பார்த்தபடி. மேஸ்திரி தள்ளி நின்றாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அத்தை சண்டைக்குப் போனாள். "எவளோ போட்டுட்டா. அவளா பிச்சா? அவள உனக்குத் தெரியாது?" என்று கத்தினாளாம். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

"நான் சொன்னது சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டு மணையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

காலை பத்து மணிக்கு அம்மா வீட்டில் நின்றாள். சனிக்கிழமை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தூக்கைக் கீழே வைத்தாள். காலி. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முனைய வெட்டுனியா நீ?"

"வெட்டுனேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று தோளைக் குறுக்கினேன். அடிக்கவில்லை.

"சரி," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அப்பாவிடம், "ஒத்து வரல, நின்னுட்டேன்," என்றாள். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. ரெண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. மூணாம் நாள் ஆரம்பித்தார். "திமிரு. நல்ல வேலைய எட்டி ஒதச்சிட்டு வந்தவ." அம்மா தலை குனிந்து அரிசி பொறுக்கினாள்.

வேறு ஷெட்டில் அம்மாவை எடுக்கவில்லை. அந்தத் தொழிலில் பேச்சு சீக்கிரம் பரவும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாடி வீடுகளில் அம்மா மூணு வீடு, நான் ரெண்டு வீடு. பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது. எட்டாவது பரீட்சையில் நான் கணக்கில்தான் அதிகம் வாங்கியிருந்தேன் என்று அந்த டீச்சர் அத்தை பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். ஏன் நின்றுவிட்டாள், உங்களுக்கென்ன குறைச்சல் என்று கேட்டாராம்.

அம்மா அதற்கப்புறம் வீட்டு அடுப்பில் நண்டு ஏற்றவில்லை. படிக்கல் எங்கே போனது என்று தெரியாது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பாள்.

அப்பா அந்தப் பேச்சை நிறுத்தவே இல்லை. தீபாவளிக்குத் துணி இல்லையென்றால் அது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் எதுவரை படித்தாள் என்று கேட்டபோது அது. "எங்கூட்டுக்காரிக்குத் திமிரு. வேலைய வுட்டுட்டு வந்தா. எம் பொண்ணு படிப்பு பூடுச்சு." ஊர் முன்னால் சொல்வார். அம்மா ஒரு தரமும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, தெரியாதவரிடம் என்ன சண்டை என்று இருந்தேன். மனசுக்குள் அவரை வெறுத்தேன். தின்றதும் அவர், காட்டிக் கொடுத்ததும் அவர், பேசுகிறதும் அவர்.

அம்மா போன வருஷம் இறந்துபோனாள். கடைசி மூணு மாசம் படுக்கை. நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் தலை வாரிவிடும்போது, "அந்த முனைய நான் வெட்டலம்மா," என்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இப்ப எதுக்கு அது," என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அப்பா என் வீட்டில், கே.கே. நகரில். படையலுக்கு என்ன வாங்குவது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"உங்கம்மா வேலைய வுட்டுட்டு வரல, தெரியுமா? அவள நிக்க வச்சாங்க."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அன்னிக்கு டீக்கடையில, நீ டீய எத்துக்கினு போனப்பறம், மேஸ்திரி என்னைத் தனியா இஸ்துக்கினு போயி சொன்னான். 'நைனா, இது தானா வுட்டது இல்ல. அக்கா பிச்சிக்கினு வந்துகீது'ன்னான். எனக்கு அங்கயே உசுரு பூடுச்சு. காலப் புடிச்சேன் அவன. கொடுக்க எத்துக்கினு பூட்டான்."

"அப்பறம் ஏன்ப்பா அம்மாவ அப்டிப் பேசின?"

"வேற இன்னா பேசறது? ஊரு கேட்டா அவ திருடிட்டான்னு சொல்ல வுடுவனா? அதான் திமிருன்னு நானே சொல்லிக்கினு திரிஞ்சேன். திமிரு புடிச்சவன்னா மரியாததான். அவகிட்டயும் அப்டியே பேசினேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஒரு பொருளுக்கு ஆசப்படாதவ. அடுத்தவன் சாமானத் தொடாதவ. எனக்காகப் பிச்சா. மழையில வந்து யாருக்குன்னு கேட்டேன், உனக்குத்தான்யான்னா. அவ மொகத்தப் பாக்கணுமே அன்னிக்கு. எம்மேல அவ்ளோ ஆசைன்னு எனக்கு அப்பதான் தெரியும். அதுலதான் ஓட்டிக்கினு கீறேன் இத்தினி வருசமா."

அடுப்பில் அரிசி கொதித்து வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

"உனக்கு இதெல்லாம் தெரியாது," என்றார். "நீ சின்னப் பொண்ணு."

"தெரியாதுப்பா," என்றேன்.